பயப்படுவதற்கென்று ஒரு ஆள்

அந்த மாட்டுத்தீவன மில்லில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஐயோக்கா என்றுதான் எல்லாருக்கும் வாயில் வரும். லாரி பின்னால் நகர்ந்தால் ஐயோ, மூட்டை அடுக்கு லேசாகச் சாய்ந்தால் ஐயோ, யாராவது ஈரத் தரையில் விறுவிறுவென்று நடந்தால் அதற்கும் ஒரு ஐயோ. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே லோடுமேன்கள் சூட்டிய பெயர். பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது. அவளைவிட மூத்தவர்கள்கூட அக்கா சேர்த்துத்தான் கூப்பிடுகிறார்கள். முதலாளி ஒருமுறை வருகைப் பதிவேட்டிலேயே அப்படி எழுதிவிட்டு, பிறகு அடித்துத் திருத்தினார்.

அவள் வேலை சாக்கு தைப்பது. தையல் மெஷின் உத்தரத்திலிருந்து ஒரு ஸ்பிரிங்கில் தொங்கும். தீவனம் நிரம்பிய சாக்கின் வாயை இடது கையால் சேர்த்துப் பிடித்து, வலது கையால் மெஷினை இழுத்து ஒரு ஓட்டு ஓட்டினால் போதும், தையல் விழுந்துவிடும். ஒரு நாளைக்கு நானூறு சாக்கு. இத்தனை வருஷத்தில் ஊசி அவள் விரலை ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. பயந்தாங்கொள்ளி என்று சிரிப்பவர்கள் இதை மட்டும் ஏனோ கவனிக்கவே இல்லை.

அவளுடைய வீட்டுக்காரனும் அதே மில்தான். ஆறடிக்கு மேல் உயரம், எப்போது பார்த்தாலும் எதன் மேலாவது ஏறிக்கொண்டிருப்பான், அதனால் அவனுக்கு ஏணி என்று பெயர். பயம் என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியாது. கல்யாணத்துக்கு முன்னால் பெண் பார்க்க வந்தவன், கூரையில் ஒரு தகரம் ஆடுகிறதே என்று மேலே ஏறிச் சரிசெய்துவிட்டு வந்துதான் பெண்ணையே பார்த்தான். அவள் அவனைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை என்னவாக இருந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

மில்லின் பின்பக்கம் மூன்று மாடி உயரத்துக்குத் தகர சைலோ ஒன்று நின்றது. மக்காச்சோளம் அதில்தான் கொட்டி வைக்கப்படும். அடியில் ஒரு ஷட்டர். ஷட்டர் திறந்தால் சோளம் கீழே இருக்கும் ஸ்க்ரூவில் விழும். ஸ்க்ரூ சுழன்று சோளத்தை அரவை மெஷினுக்குத் தள்ளிக்கொண்டு போகும். சோளம் நன்றாகக் காய்ந்திருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. கொஞ்சம் ஈரம் இருந்துவிட்டால், உள்ளே சுவரோடு சுவராகக் கட்டி பிடித்துக்கொண்டு இறங்க மாட்டேன் என்று நிற்கும். அப்போது ஒரு ஆள் மேலே ஏறி, கதவைத் திறந்து உள்ளே இறங்கி, நீளக் கம்பியால் குத்தி உதிர்க்க வேண்டும். அந்த ஆள் ஏணிதான். ஈரக் காலத்தில் ஒரு நாளைக்கு மூன்று முறை ஏறுவான்.

இதில் ஆபத்து எங்கே என்றால், கீழே ஸ்க்ரூ ஓடிக்கொண்டிருக்கும்போதே அவன் உள்ளே இறங்குவான். அடியில் சோளம் இழுபட இழுபட, மேலே நிற்பவனின் காலுக்குக் கீழேயும் சோளம் வடிந்துகொண்டே இருக்கும். முழங்கால் வரை புதைந்தால் பிடுங்கிக்கொண்டு வந்துவிடலாம். இடுப்பு வரை போய்விட்டால் நாலு பேர் சேர்ந்து இழுத்தாலும் வராது. இடுப்பில் ஒரு கயிறு கட்டிக்கொள்வான், வாஸ்தவம்தான். இழுப்பதற்கு மேலே ஆள் இல்லாத கயிறு.

அப்படியானால் ஸ்க்ரூவை நிறுத்திவிட்டு இறங்க வேண்டியதுதானே என்று கேட்கத் தோன்றும். அந்த மில்லில் ஸ்க்ரூவை மட்டும் யாரும் நிறுத்த மாட்டார்கள். சோளம் நிரம்பிய நிலையில் நிறுத்தினால் மறுபடி கிளம்பாது. மோட்டார் உறுமும், ஃபியூஸ் போகும், அப்புறம் மூடியைக் கழற்றி அத்தனை சோளத்தையும் கையால் வாரி வெளியே போட வேண்டும். அரைமணி நேர வேலை, இடுப்பு கழன்றுவிடும். அதனால் மில் ஆரம்பித்த நாளிலிருந்து, ஓடுகிற ஸ்க்ரூவுக்கு மேலேதான் ஆள் இறங்குவது என்று பழகிவிட்டது.

ஏணி உள்ளே இருக்கும் நேரத்தில் ஐயோக்கா தைத்த சாக்குகளைப் பார்த்தாலே தெரிந்துவிடும். தையல் பாம்பு போல வளைந்து நெளிந்து ஓடியிருக்கும். கை மெஷினில் இருந்தாலும் காது முழுக்கப் பின்பக்கத்தில். தகரத்தில் கம்பி படும் சத்தம் கேட்டால் மூச்சு வரும், நின்றால் மூச்சும் நின்றுவிடும். ராத்திரி வீட்டில் சொல்லிப் பார்ப்பாள், அழுது பார்ப்பாள், ஒரு நாள் சாப்பிடாமல்கூட இருந்து பார்த்தாள். அவன் அவள் தட்டில் இருந்ததையும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொண்டான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒரு காகிதம் வந்தது. மில்லிடமிருந்து தீவனம் வாங்கும் பெரிய பால் கம்பெனி அனுப்பியது. இனிமேல் அவர்களிடம் வியாபாரம் செய்ய வேண்டுமென்றால், தொழிலாளர்களில் ஒருவரைப் பாதுகாப்புப் பொறுப்பாளராக நியமித்து, போட்டோ ஒட்டி, கையெழுத்து வாங்கி அனுப்ப வேண்டும். முதலாளி நல்ல மனுஷர்தான். ஆனால் அவசரக் குடுக்கை. காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு மில் முழுக்கச் சுற்றி வந்தார். லோடுமேன்கள் ஆளுக்கொரு திசையில் நழுவினார்கள். ஃபிட்டர் தனக்கு ஏற்கனவே தலைக்கு மேல் வேலை என்றார். கடைசியில் ஒரு லோடுமேன் விளையாட்டாக ஐயோக்காவைப் போடுங்கள் என்று சொல்ல, எல்லாரும் சிரிக்க, முதலாளி மட்டும் சிரிக்கவில்லை.

"எவ்வளவோ வேலைக்கு ஆள் வச்சிருக்கேன். பயப்படறதுக்குன்னு ஒரு ஆள் வைக்கல. நீதான்மா அதுக்குச் சரி. கையெழுத்துப் போடு" என்றார்.

அவள் கையெழுத்துப் போட்டாள். போட்டோவில் திருடிப் பிடிபட்டவள் மாதிரி விழித்துக்கொண்டிருந்தாள்.

முதல் மாதம் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. பத்தாவது படிக்கும் மகளை உட்காரவைத்து அட்டைகளில் எழுதி வாங்கி, எச்சரிக்கை எச்சரிக்கை என்று மில் முழுக்கத் தொங்கவிட்டாள். இருபது அட்டை. ஒரு வாரத்தில் நாலுதான் மிச்சம். ஒன்றை விசிறியாக வைத்திருந்தார்கள், ஒன்றின் மேல் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், 'இங்கே சாயாதே' என்ற அட்டை மேலேயே ஒருவர் சாய்ந்துகொண்டிருந்தார். தூசிக்கு முகமூடி வாங்கித் தரச் சொல்லி முதலாளியை நச்சரித்து வாங்கினாள். பாதிப் பேர் தாடையில் மாட்டிக்கொண்டார்கள், ஒருவர் நெற்றியில். மூக்கைத் தவிர மற்ற எல்லா இடத்துக்கும் அந்த மில்லில் பாதுகாப்பு கிடைத்தது.

பிறகு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். கண்டுபிடித்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது, தன் சுபாவப்படி இருந்தாள், அவ்வளவுதான். மூட்டையைப் பத்து அடுக்குக்கு மேல் ஏற்றினால் சத்தம் போட மாட்டாள். கொஞ்சம் தள்ளி நின்று, சரிந்தால் யார் மேல் விழும், விழுந்தால் எந்த எலும்பு முறியும், அந்த ஆளின் பெண்டாட்டிக்கு யார் போய்ச் சொல்வது, சொல்லும்போது அடுப்பில் என்ன வைத்திருப்பாள் என்று நிதானமாக, விவரமாக, தனக்குத்தானே புலம்புவாள். நடுநடுவே ஐயோ. கேட்கிறவனுக்கு மூட்டையைத் தூக்கக் கை வராது. அவள் வாயை மூட வேண்டுமென்றால் அவள் சொன்னதைச் செய்வது ஒன்றுதான் வழி என்று லோடுமேன்களுக்கு இரண்டாவது மாதமே புரிந்துவிட்டது. அடுக்கு எட்டுக்கு இறங்கியது. முகமூடியும் நெற்றியிலிருந்து மூக்குக்கு இறங்கியது.

எல்லாரும் வழிக்கு வந்தார்கள், ஒருவனைத் தவிர. அவனுக்காகத்தானே அவள் அந்தக் காகிதத்தில் கையெழுத்தே போட்டாள்.

ஏணி மற்ற நாளில் தங்கமானவன். ஆனால் மில்லில் பத்துப் பேர் பார்க்க, பெண்டாட்டி சொல்லி ஒன்றைச் செய்வது என்றால் அவனுக்குத் தன்மானம் தலைதூக்கிவிடும்.

"வீட்டுல நீ சொல்றதுக்கெல்லாம் தலையாட்டுறேன். இங்கயும் ஆட்டுனா, அப்புறம் நான் எங்கதான் ஆம்பளையா இருக்கறது?" என்று கேட்டான். நியாயமான கேள்விதான் என்று லோடுமேன்கள் தீர்ப்புச் சொன்னார்கள்.

அவள் அழவில்லை. யோசித்தாள். ஸ்க்ரூ விஷயத்தில் அவளுக்கு ஒன்று புரியவே இல்லை. தன் தையல் மெஷினும் மெஷின்தான். அதையும் சாக்கின் நடுவில் நிறுத்தினால் ஊசி மாட்டிக்கொள்ளும், மறுபடி கிளப்பினால் உடையும். அதனால் யாரும் நடுவில் நிறுத்துவதில்லை. சாக்கின் ஓரம் தாண்டி, வெறும் நூலில் நாலு விரற்கடை ஓடவிட்டுத்தான் நிறுத்துவார்கள். அடுத்த சாக்குக்கு மெஷின் வழுக்கிக்கொண்டு கிளம்பும். ஸ்க்ரூவை மட்டும் ஏன் வயிறு நிறையச் சோளத்தோடு நிறுத்த வேண்டும்?

ஃபிட்டரிடம் போய் இதைக் கேட்டாள். ஃபிட்டர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்தபடி, பிசைந்த கையோடு அவளையே பார்த்தார். ஷட்டரை மட்டும் முதலில் மூடிவிட்டு, ஸ்க்ரூவை இரண்டு நிமிஷம் காலியாக ஓடவிட்டு, அப்புறம் நிறுத்தினால் மோட்டாருக்கு ஒரு சிரமமும் இருக்காது. மறுபடி கிளப்புவதும் சுலபம். இரண்டுக்கும் தனித்தனிப் பொத்தான் ஏற்கனவே இருக்கிறது. யாரும் தனித்தனியாக அமுக்கிப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

"பதினஞ்சு வருஷமா இந்த மோட்டார நான் நாலு தடவை வைண்டிங் பண்ணிருக்கேன் தங்கச்சி. ஒரு தடவைகூட எனக்கு இது தோணல பாரு" என்றார். சொல்லிவிட்டு அன்றைக்குச் சாப்பாட்டைப் பாதியிலேயே மூடி வைத்துவிட்டார் பாவம்.

யோசனை யாருடையது என்று ஏணிக்குத் தெரிந்தால் காரியம் கெட்டுவிடும் என்று இருவரும் பேசி வைத்துக்கொண்டார்கள். ஃபிட்டர் ஒரு நாள் பேச்சுவாக்கில் ஸ்க்ரூவைக் காலியாக ஓடவிட்டு நிறுத்தினால் என்ன ஆகும் என்று ஏணியிடமே சந்தேகம் கேட்டார். ஏணி பந்தயம் கட்டாத குறையாகச் செய்து காட்டினான். ஸ்க்ரூ நின்றது. அவன் நிதானமாக ஏறி, அசையாத சோளத்தின் மேல் நின்று கட்டியை உதிர்த்துவிட்டு வந்தான். பொத்தானை அமுக்கியதும் ஸ்க்ரூ முனகாமல் கிளம்பியது. அடுத்த வாரமே, தான் கண்டுபிடித்த முறையை ஏணி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். ராத்திரி பெண்டாட்டிக்கும் விளக்கினான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு, அப்படியா, அப்படியா என்று கேட்டுக்கொண்டாள்.

ஆனால் பயந்தவர்களுக்கு ஒரு பயம் தீர்ந்தால் அடுத்தது வரிசையில் நிற்கும். ஸ்க்ரூவை நிறுத்திவிட்டு அவன் உள்ளே இருக்கிறான். அது தெரியாமல் யாராவது வந்து பொத்தானை அமுக்கினால்? முன்பாவது ஓடுகிறது என்று தெரிந்து ஜாக்கிரதையாகக் கால் வைப்பான். இப்போது நின்றிருக்கிறது என்று நம்பி நடுவில் போய் நிற்கிறானே. 

மறுபடி ஃபிட்டர். ஸ்க்ரூவுக்கும் ஷட்டருக்கும் கரண்ட் போகும் மெயின் சுவிட்சின் கைப்பிடியைக் கீழே இறக்கிவிட்டால் எந்தப் பொத்தானும் வேலை செய்யாது என்றார். யாராவது கைப்பிடியை ஏற்றிவிட்டால் என்றாள் அவள். ஃபிட்டர் குனிந்து பார்த்தார். கைப்பிடி வந்து உட்காரும் இடத்தில் ஒரு ஓட்டை இருந்தது. லோடுமேன்கள் அதில் ஈரத் துண்டு தொங்கவிடுவது வழக்கம். பூட்டுப் போடுவதற்கென்றே சுவிட்ச் செய்த கம்பெனிக்காரன் வைத்த ஓட்டை அது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அன்று முதல் மில்லில் ஒரு சட்டம் வந்தது. மெஷினுக்குள் கையோ காலோ விடுகிறவன், அந்த மெஷினின் மெயினை இறக்கித் தன் பூட்டைப் போட வேண்டும், சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும், வேலை முடிந்ததும் தானே வந்து திறக்க வேண்டும். வேறு யாரும் தொடக் கூடாது. அரவை மெஷின்காரர் பழைய பெட்டியின் பூட்டைக் கொண்டுவந்தார். மிக்ஸர்காரர் சைக்கிள் சங்கிலியையே கொண்டுவந்தார். ஏணி மட்டும் மாட்டேன் என்றுவிட்டான். மெயினை இறக்குவேன், பூட்டு கீட்டு எல்லாம் ஆகாது, இத்தனை வருஷம் ஏறினவனுக்குப் பூட்டுப் போட்டுக்கொண்டு ஏறத் தெரியாது என்றான். அதற்கு மேல் பேசினால் வேலையை விட்டே போய்விடுவேன் என்ற தோரணையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

அவள் வாதாடவில்லை. கடையில் ஒரு சின்னப் பித்தளைப் பூட்டு வாங்கினாள். அவன் சைலோவை நோக்கி நடந்தால், இவள் மெஷினை விட்டுவிட்டு எழுந்துபோய் மெயினில் பூட்டுவாள். அவன் இறங்கி வந்தால் திறப்பாள். சட்டப்படி இது தப்பு. அவனுடைய பூட்டுதான் தொங்க வேண்டும். அது அவளுக்கும் தெரியும், ஆனால் என்ன செய்வது, கட்டிக்கொண்டாகிவிட்டது. அவன் அந்தப் பக்கம் ஒரு பார்வைகூடப் பார்க்காமல் விறைப்பாக ஏணியில் ஏறிப்போவான். இப்படியே ஐந்து மாதம் ஓடியது. இருவரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. சாக்கில் தையல் நேராக ஓடியது.

அந்தச் சமயத்தில்தான் பால் கம்பெனி எல்லா மில்களின் பாதுகாப்புப் பொறுப்பாளர்களையும் டவுனுக்கு ஒரு நாள் பயிற்சிக்குக் கூப்பிட்டது. ஐயோக்கா காலை முதல் பஸ்ஸில் ஏறினாள். பஸ் வேகமாகப் போனதால் கண்ணை மூடிக்கொண்டு போய்ச் சேர்ந்தாள்.

பெரிய அறை, மேஜை மேல் ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், மஞ்சள் ஹெல்மெட். மர மில்லிலிருந்து ஒருவர், செங்கல் சூளையிலிருந்து ஒருவர், பண்ணைகளிலிருந்து நாலைந்து பேர். பயிற்சி கொடுக்க வந்தவர் ஒல்லியாக, குரலை உயர்த்தாமல் பேசுகிறவர். உங்கள் இடத்தில் இருக்கும் பெரிய ஆபத்து எது என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தார். ரம்பம் என்றார்கள், நெருப்பு என்றார்கள், கரண்ட் என்றார்கள். இவள் முறை வந்தது. எழுந்து நின்று, யோசிக்காமல், "எங்க வீட்டுக்காரரு" என்றாள்.

அறையே சிரித்தது. அந்த ஒல்லி மனுஷர் மட்டும் சிரிக்காமல் விவரம் கேட்டார். அவள் சைலோவைப் பற்றிச் சொன்னாள், ஸ்க்ரூவைப் பற்றிச் சொன்னாள், தானே பூட்டுப் போடுவதையும் சொன்னாள். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"இன்னைக்கு யாரும்மா போடுவாங்க?"

அவள் கைப்பையைத் திறந்தாள். பூட்டு உள்ளே இருந்தது. மில்லில் விட்டால் யாராவது எடுத்துவிடுவார்கள் என்று தினமும் சாயங்காலம் பையில் போட்டுக்கொண்டு வரும் பழக்கம், அதோடு கிளம்பி வந்துவிட்டாள். முந்தின நாள்தான் ஈரச் சோளம் இரண்டு லாரி வந்து இறங்கியிருந்தது.

அங்கேயே நின்றபடி ஏணிக்கு போன் அடித்தாள், எடுக்கவில்லை. சைலோவுக்குள் போன் கொண்டு போகக் கூடாது என்று சட்டம் போட்டவளே அவள்தான். முதலாளிக்கு அடித்தாள், அவர் வழக்கம்போல் இன்னொருவரோடு பேசிக்கொண்டிருந்தார். ஃபிட்டர் அன்றைக்கு லீவு. சாயங்காலம் சான்றிதழ் கொடுப்பார்கள், இருந்து வாங்கிக்கொண்டு போங்கள் என்று பக்கத்து நாற்காலிக்காரர் சொன்னார். அவள் மஞ்சள் ஹெல்மெட்டை மேஜை மேல் வைத்துவிட்டுப் பஸ் நிற்கும் இடத்துக்கு ஓடினாள். திரும்பி வரும் பஸ் ஊர்ந்துகொண்டு வந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு டிரைவரை வேகமாகப் போகச் சொன்னாள்.

பஸ்ஸை விட்டு இறங்கி மில்லுக்குப் போகும் வழியில்தான் அவர்கள் வீடு. தூரத்திலிருந்தே பார்த்துவிட்டாள், வாசல் கதவு திறந்து கிடந்தது. மகள் பள்ளிக்கூடத்தில், அவன் மில்லில், வேலை நாளில் பட்டப்பகலில் வீடு ஏன் திறந்திருக்கிறது? எதுவோ நடந்து, நாலு பேர் அவனைத் தூக்கிக்கொண்டு வந்து உள்ளே கிடத்தியிருக்கிறார்கள் என்றுதான் அவள் மனசு முதலில் போனது.  உள்ளே ஓடினாள்.

உள்ளே ஒருவரும் இல்லை. பீரோ மூடினபடி இருந்தது. டிவி இருந்தது. மகளின் சைக்கிள்கூட மூலையில் அப்படியே இருந்தது. திருடனும் வரவில்லை போலிருக்கிறது. அப்புறம்தான் கவனித்தாள், கதவில் தொங்க வேண்டிய பூட்டைத்தான் காணோம். இத்தனை பொருளை விட்டுவிட்டுப் பூட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போகிற திருடன் எந்த ஊரில் இருக்கிறான் என்று அவளுக்குப் புரியவில்லை. நின்று யோசிக்க நேரமும் இல்லை. பையில் கிடந்த சாக்கு நூலை எடுத்துக் கொண்டியை நாலு சுற்றுச் சுற்றிக் கட்டிவிட்டு மில்லைப் பார்த்து நடந்தாள். நடை பாதியிலேயே ஓட்டமாக மாறியது.

மில்லில் ஒரே சத்தம். வாசலில் லாரி, அதன் டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். மெயின் சுவிட்சுக்கு முன்னால் முதலாளி, கையில் இரும்பு அறுக்கிற ஆக்ஸா பிளேடு. லோடுமேன்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். எவனோ வேண்டுமென்றே மெயினில் பூட்டைப் போட்டுவிட்டுப் போய்விட்டான் என்று முதலாளி கத்திக்கொண்டிருந்தார். ஸ்க்ரூ பொத்தானையும் ஷட்டர் பொத்தானையும் மாற்றி மாற்றி அமுக்கி விரலே வலிக்கிறதாம். பூட்டின் வளையத்தில் பிளேடு ஏற்கனவே கொஞ்சம் இறங்கியிருந்தது.

அது பெரிய இரும்புப் பூட்டு. அவர்கள் வீட்டுப் பூட்டு.

எல்லாரும் அவள் ஐயோ என்று அலறுவாள் என்றுதான் எதிர்பார்த்திருப்பார்கள். அவள் அலறவில்லை. நேராகப் போய்ப் பூட்டின் மேல் கையை வைத்துக்கொண்டாள். பிளேடு அவள் விரலில் உரசி நின்றது, லேசாக ரத்தம் வந்தது. ஊசி படாத விரல்.

"முதல்ல அவரக் கண்ணால காட்டுங்க" என்றாள்.

"அவன் இங்க இல்லம்மா. சைக்கிளத் தூக்கிட்டு வீட்டுப் பக்கம் போனத நானே பாத்தேன். கைய எடு, லாரி நிக்குது" என்றார் முதலாளி.

அவள் கையை எடுக்கவில்லை. கண்ணால் காட்டுங்கள் என்று திரும்பவும் சொன்னாள். அவள் முகத்தைப் பார்த்த ஒரு லோடுமேன், கம்பி ஒன்றை எடுத்துக்கொண்டு போய் சைலோவின் தகரத்தில் மூன்று தட்டுத் தட்டினான்.

உள்ளேயிருந்து மூன்று தட்டு திரும்பி வந்தது.

ஹாரனையும் யாரோ நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். முதலாளி பிளேடைக் கீழே வைத்துவிட்டு, எந்த விரலால் அமுக்கினாரோ அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றார். ஐயோக்கா அப்படியே ஒரு மூட்டை மேல் உட்கார்ந்து, எத்தனை தடவை அமுக்கினீர்கள் என்று மெதுவாகக் கேட்டாள். நாலஞ்சு தடவை இருக்கும் என்றார் அவர்.

கொஞ்ச நேரத்தில் ஏணி இறங்கி வந்தான். தலை முதல் கால் வரை மாவுத் தூசி, கண் மட்டும்தான் தெரிந்தது. உள்ளே பெரிய கட்டி என்றும், இன்னும் அரை மணி நேரம் ஆகியிருக்கும் என்றும் சொல்லிக்கொண்டே வந்தவன், எல்லார் முகத்தையும் பார்த்துவிட்டு நிறுத்தினான். பெண்டாட்டியின் விரலைப் பார்த்தான். பூட்டில் பிளேடு இறங்கிய இடத்தைப் பார்த்தான். அவனுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அவள் கேட்டது வேறு. இத்தனை மாதமாக அந்தப் பக்கம் திரும்பியே பார்க்காத மனுஷனுக்கு இன்றைக்கு என்ன வந்தது என்றுதான் கேட்டாள்.

"யாரு பாக்கல? பாக்காத மாதிரி தெனமும் பாப்பேன்" என்றான் ஏணி. "இன்னைக்கும் பாதி ஏணில நின்னு பாத்தேன். பூட்டு இல்ல. சரி, ஏறிடலாம்னு தான் நெனச்சேன். கால் மேல போக மாட்டேங்குது. அதான் வீட்டுக்குப் போயி எடுத்துட்டு வந்து, யாருக்கும் தெரியாம மாட்டிட்டு ஏறினேன்."

பத்துப் பேர் முன்னால் பயந்ததாக ஒத்துக்கொண்ட வெட்கம் அவன் முகத்தில் தூசியையும் மீறித் தெரிந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை.

"அதுக்கு வீட்டத் தொறந்து போட்டுட்டா வருவாங்க?"

"வீட்டுல என்ன இருக்கு போறதுக்கு? போறதுன்னா இங்கதானே போகும்."

அவள் அழுதாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, நன்றாக, சத்தமாக அழுதாள். ஏணி என்ன செய்வதென்று தெரியாமல் தலைத்துண்டில் கையைத் துடைத்தான், பிறகு அதே துண்டின் ஓரத்தைக் கிழித்து அவள் விரலில் சுற்றினான். கட்டு கோணலாக இருந்தது. முதலாளி கிட்டே வந்து, லாரியை நாளைக்கு வரச் சொல்லிவிடலாமா என்று அவளிடம் கேட்டார். அந்த மில்லில் அவர் யாரிடமும் அப்படிக் கேட்டு யாரும் பார்த்ததில்லை. வேண்டாம், கட்டியை முழுசாக உதிர்த்த பிறகு ஏற்றலாம், அதுவரை லாரி நிற்கட்டும் என்றாள் அவள். லாரி நின்றது.

அரை மணி நேரம் கழித்து ஏணி மறுபடி இறங்கி வந்து, இடுப்பிலிருந்து சாவியை எடுத்து, வீட்டுச் சாவியைக் கொடுக்கிற பழக்க தோஷத்தில் அவளிடம் நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"உங்க பூட்டு. நீங்களே தொறங்க" என்றாள்.

அவன் திறந்தான். கைப்பிடியை ஏற்றினான். பிளேடு பட்ட அந்தப் பூட்டை இடுப்பில் செருகிக்கொண்டான். சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியில் இருவரும் கடையில் நின்று வாசல் கதவுக்கு ஒரு புதுப் பூட்டு வாங்கினார்கள்.